பல்லி விழுந்ததாகக் கூறப்படுகிறது

திரும்பிப் பார்த்தேன்

குப்பு கையை நீட்டினாள். நேராக என்னைப் பார்த்துத்தான் நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், அந்த ஆளைத்தான் காட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பள்ளிக்கூடத்துச் சுவர். ஆணியில் தொங்கும் தமிழ்நாடு மேப். அதற்குக் கீழே உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பு. வேறு ஈ காக்கா இல்லை.

"அங்க இன்னா பாய் பாக்குறீங்க? உங்களத்தான் சொல்றேன்" என்றாள் குப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பேனா நழுவி மடியில் விழுந்து, வெள்ளை வேட்டியில் மை நீலமாகப் படர்ந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். மல்லாட்டை பிடுங்கும் மாசம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்ப் பேரை ஒருதரம் அச்சில் போட்டு நான் செய்த காரியமே போதும்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிட்ட குழந்தைகளுக்கு வாந்தி வந்து, மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. வாந்தி எடுத்த பிள்ளை ஒன்றின் அம்மா குப்பு. விசாரணை ஆபீசர் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சோத்துல பல்லி கெடந்துச்சுன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

அதற்குத்தான் அவள் என்னைக் காட்டினாள்.

கதவோரம் அஞ்சலாட்சி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். மூன்று வாரமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பல்லி விழுந்தது நிஜம் என்று அன்றைக்கு முடிவானால் அவள் வேலை போச்சு. அவளும் குப்புவின் விரல் போன திக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் அங்கே எதற்குப் போயிருந்தேன்? விசாரணையைப் பற்றிச் செய்தி எழுத.

பேப்பர் பாய்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஓர் அன்பர் போன வாரம் கார்டு போட்டிருக்கிறார். 'உங்கள் காலத்து நிருபர்கள் சொந்தக் கருத்தைக் கலக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதினீர்கள். இன்றைக்கு ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள்' என்று வருத்தப்பட்டிருக்கிறார். அன்பரே, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இந்த வாரக் கதையைக் கேட்டுவிடுங்கள். பிறகும் போடச் சொன்னால் போடுகிறேன்.

என் அத்தா பஸ் ஸ்டாண்டு எதிரில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். அவருக்குப் பின் கடை எனக்கு வந்தது. பேப்பர் ஏஜென்ட் யாரோ அவரே அந்த ஊர் நிருபர் என்பது அன்றைய வழக்கம். காலையில் பேப்பர் கட்டைப் பிரிக்கிற கைதான் சாயங்காலம் செய்தி எழுதும். அப்படித்தான் நான் நிருபர் ஆனேன், படித்துக் கிழித்து ஆகவில்லை.

ஊரில் யாருக்கும் என் பேர் தெரியாது. பேப்பர் பாய் என்றால்தான் தெரியும். புதிதாக வந்த ஒரு அதிகாரி, 'பேப்பர் பாய்கிட்ட சொல்லியனுப்புங்க' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சைக்கிளில் பேப்பர் போடும் பொடியனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாராம். மீசையும் தொப்பையுமாக நான் போய் நின்றதும் மனுஷன் பதறி எழுந்துவிட்டார்.

எங்கள் பேப்பர் ஆபீசிலிருந்து வருஷத்துக்கு ஒருதரம் சைக்ளோஸ்டைல் தாள் ஒன்று வரும். நிருபர்களுக்கான விதிகள். அதில் முதல் விதி: செய்தியில் நிருபர் தலைகாட்டக் கூடாது. 'நான்', 'எனக்கு', 'என் எண்ணம்' என்று எதுவும் வரக்கூடாது. அந்தத் தாளைக் கடைக் கதவின் உட்புறம் பசை தடவி ஒட்டியிருந்தேன். ஐந்து வேளைத் தொழுகையைக்கூட அப்படிக் கடைப்பிடித்தேனா என்றால் சந்தேகம்தான்.

என் செய்திகளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு 'நான்' கிடைக்காது. அதில் எனக்குப் பெரிய பெருமை.

அப்புறம் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்ன, எல்லாரும் போடுவதுதான். 'கூறப்படுகிறது.' செயப்பாட்டு வினை என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது, இதெல்லாம் எந்தக் காலத்தில் யாருக்கு உதவப்போகிறது என்று நினைத்தவன் நான். நிருபர் ஆன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. யார் கூறினார் என்று சொல்ல வேண்டாம். எத்தனை பேர் கூறினார்கள் என்று சொல்ல வேண்டாம். கூறினார்களா என்றே யாரும் கேட்க மாட்டார்கள்.

கோட்டையில் சிறுத்தை

இந்தச் சொல்லால் நான் அடித்த முதல் கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ராஜகிரி அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்து தீப்பெட்டி கேட்டார். பேச்சுவாக்கில், 'கல்யாண மகால் பக்கம் ஏதோ ஓடுச்சு பாய், ஆடுங்க மிரண்டுச்சு' என்றார். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். இவ்வளவு இருக்கும் என்று கையால் காட்டினார். புள்ளி இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இருந்தாலும் இருக்கும் என்றார்.

மறுநாள் பேப்பரில், 'செஞ்சிக் கோட்டையில் சிறுத்தை நடமாட்டம் இருப்பதாகக் கூறப்படுகிறது. பொதுமக்கள் பீதி' என்று வந்தது. பீதி என் செய்தி வந்த பிறகுதான் ஏற்பட்டது. பத்து நாளைக்குக் கோட்டைக்குள் ஒரு ஜோடி நுழையவில்லை. கோட்டை வாசலில் மோர் விற்கிற அம்மா என்னை வாயார வாழ்த்தியதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பார்த்தால் வெங்கட்ரமணர் கோயில் பக்கம் திரிந்த செவலை நாய் அது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்குத் துளிர்விட்டுப்போச்சு.

நாலு மணி பஸ்

இப்போது அஞ்சலாட்சிக்கு வருகிறேன்.

அந்த ஊருக்குப் பக்கத்துக் காலனியில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் பெண் அவள். அவள் நைனா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டே அவளைப் படிக்க வைத்தவர். சத்துணவுத் திட்டம் வந்து அவளுக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தபோது ஊர்த்தெருவில் சிலருக்குப் பொறுக்கவில்லை. காலனிப் பெண் பொறுப்பில் பொங்குகிற சோற்றை எங்கள் பிள்ளைகள் சாப்பிடுவதா என்று கிளம்பினார்கள்.

அவர்களில் இரண்டு பேர் என் கடைக்கு வந்து, அதைச் செய்தியாகப் போடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் சாதிச் சண்டையில் எனக்குப் பக்கமில்லை, நான் பாய், நடுவில் நிற்கிறவன் என்றேன். இதைப் பல பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். ஆனால் அவர்கள் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'அதுங்க சுத்தபத்தம் நமக்குத் தெரியாதா பாய்' என்று ஒருவர் சொன்னார். நான் டீ கிளாசை எடுத்துக் கழுவி வைத்தேன். அவ்வளவுதான்.

அது நடந்து ஒரு வருஷம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், டிராக்டரில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். இருபதுக்கு மேல் இருக்கும். வராந்தா முழுக்க வாந்தி. பினாயில் வாசனையும் வாந்தி வாசனையும் சேர்ந்து எனக்கே குமட்டியது. அலுமினியப் பேசினை வைத்துக்கொண்டு நர்சுகள் ஓடினார்கள். ஒரு குழந்தையும் மயங்கி விழவில்லை. அழுதுகொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்தன.

டாக்டரை மடக்கிக் காரணம் கேட்டேன். இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை, வாந்தியைப் பார்க்க வேண்டும், காலையில் வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலையிலா? எனக்கு நாலு மணிக்கு மெட்ராஸ் பஸ். அந்த பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்தால்தான் செய்தி மறுநாள் வரும். மணி மூன்றே கால்.

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் குப்பு. மகள் மடியில் கிடந்தாள். நான் குனிந்து, என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துச் சோறுதான் என்றாள். அந்த மாசம் வேறு ஏதோ ஊரில் சத்துணவில் பல்லி விழுந்த செய்தி எங்கள் பேப்பரில் வந்திருந்தது. நான்தானே கட்டுப் பிரித்து விற்றவன். வாயில் வந்துவிட்டது.

"சோத்துல பல்லி கில்லி விழுந்துச்சாம்மா?"

குப்பு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கும்" என்றாள்.

அடுத்த தூணுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாவிடமும் கேட்டேன். அதற்கு அடுத்ததிலும் கேட்டேன். நாலாவது தூணுக்குப் போகும்போது நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சோத்துல பல்லியாமே பாய் என்று அவர்களே சொன்னார்கள். எனக்குத் திருப்தி. ஒருவரை அல்ல, நாலைந்து பேரை விசாரித்தாயிற்று.

ஆஸ்பத்திரி திண்டில் உட்கார்ந்து எழுதினேன். 'சத்துணவில் பல்லி விழுந்து கிடந்ததாகக் கூறப்படுகிறது.' ஒரு 'நான்' இல்லை, ஒரு 'எனக்கு' இல்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

யார் கூறினது?

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் தலைப்பு: 'சத்துணவில் பல்லி; குழந்தைகள் மயக்கம்.' அமைப்பாளர் பேர் அஞ்சலாட்சி என்றும் போட்டிருந்தார்கள். பேரை எழுதிக் கொடுத்தது நான்தான்.

குழந்தைகள் எல்லாம் இரண்டு நாளில் தேறி வீட்டுக்குப் போய்விட்டன. அஞ்சலாட்சியை விசாரணை முடிகிற வரைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் என் கடைக்கு வந்தாள். கூடவே அவள் நைனா. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றார். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. பேப்பரை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கடைப் பலகைமேல் விரித்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

"கூறப்படுகிறதுன்னு போட்டிருக்கீங்களே பாய். யார் கூறினது?"

நான் உடனே விறைத்துக்கொண்டேன். பல பேர் சொன்னார்கள் அம்மா, யார் சொன்னது என்று வெளியே சொல்வது நிருபர் தர்மம் இல்லை என்றேன். தர்மம் என்ற சொல்லை அழுத்தியே சொன்னேன். கதவில் ஒட்டியிருந்த தாளையும் காட்டினேன். என் சொந்தக் கருத்து இதில் ஒரு எழுத்துகூட இல்லை, வேண்டுமானால் படித்துப் பார் என்றேன்.

அவள் நின்று அந்தத் தாளை முழுக்கப் படித்தாள். படித்த பெண் அல்லவா.

"நான் கரண்டி எடுத்துக் கிளறிப் பாத்துட்டுத்தான் பாய் எறக்கச் சொல்லுவேன். தெனமும் மொத வாய் நான் சாப்ட்டுத்தான் பசங்களுக்குப் போடறது. அன்னிக்கும் சாப்ட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவலயே. அதை நீங்க கேக்கவே இல்லையே?"

கேட்கவில்லைதான். அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஒரு குழந்தைக்குப் பேசின் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். அவளிடம் மட்டும் போகவில்லை.

இதை நான் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணையில் சொல்லிக்கொள் என்றேன். சரி என்று பேப்பரை மடித்தாள். தெருவில் சின்னப் பசங்கள் தன்னைப் 'பல்லி டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள் என்று, யாரிடமோ சொல்வதுபோல் என்னிடம் சொன்னாள். பிறகு நைனாவின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். இந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கில்லி எங்கே போச்சு?

மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பறை.

குப்புவுக்கு முன்னால் மூன்று பேரைக் கேட்டிருந்தார் ஆபீசர். பல்லியைக் கண்ணால் பார்த்தாயா என்றால், மூவருமே இல்லை என்றார்கள். யார் சொன்னது என்றதற்கு, ஆஸ்பத்திரியில் பேசிக்கினாங்க என்றாள் ஒருத்தி. மற்ற இரண்டு பேரும் குப்புதான் சொன்னாள் என்றார்கள். நான் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். குப்புவின் முறை வந்தது. அவள் என்னைக் காட்டினாள்.

"இவுருதான் வந்து கேட்டாரு, பல்லி கில்லி விழுந்துச்சான்னு. பேப்பர்காரரு கேக்கறாருன்னா வெவரம் தெரிஞ்சிதான் கேப்பாருன்னு நெனச்சேன். எனுக்கு இன்னா சார் தெரியும்? எம் பொண்ணு வாந்தி எடுத்துக்கினு கெடந்தா."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். கேட்டீர்களா என்றார். கேட்டேன், கேட்பதுதானே என் வேலை என்றேன். அடுத்து அவர் கேட்டதுதான் என்னைக் கொன்றது.

"அப்ப உங்களுக்குப் பல்லின்னு சொன்னது யார்?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். வராந்தாவில் யாராவது எனக்கு முன்னால் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினேன். டிராக்டர் டிரைவர் சொல்லவில்லை. நர்சு சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. என்னிடமிருந்து குப்புவுக்குப் போய், குப்புவிடமிருந்து அடுத்த தூணுக்குப் போய், நாலாவது தூணில் அது எனக்கே செய்தியாகத் திரும்பி வந்திருந்தது. அதைத்தான் நான் எழுதி பஸ்ஸில் ஏற்றினேன். 'பல்லி கில்லி' என்றுதான் கேட்டேன். கில்லி வழியில் எங்கேயோ காணாமல் போய், பல்லி மட்டும் அச்சில் ஏறிவிட்டது.

ஏன் பல்லி என்று வந்தது என் வாயில்? வேறு ஊர்ச் செய்தி ஞாபகம் வந்தது ஒரு பாதி. இன்னொரு பாதி, 'அதுங்க சுத்தபத்தம்' என்று டீ குடித்துக்கொண்டே ஒருவர் சொன்னது. ஒரு வருஷமாக அது எனக்குள் இருந்திருக்கிறது. கருத்தே இல்லாதவன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த எனக்குள். சீ என்று ஆகிவிட்டது.

அப்புறம் ஆபீசர் டாக்டர் கொடுத்த கடிதத்தைப் படித்தார். வாந்தியில் காட்டாமணக்குக் கொட்டையின் கருப்புத் தோல் இருந்தது என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலியே காட்டாமணக்குதான். மல்லாட்டைக் காலம். பச்சை மல்லாட்டையை உடைத்து உடைத்துத் தின்ற கை, அந்தக் காயையும் உடைத்துத் தின்றிருக்கிறது. கொஞ்சம் இனிக்கும், அப்புறம் குடலைப் புரட்டிவிடும். குழந்தைகளைக் கேட்டபோது அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். போதாததற்குக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. நம் வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாதாம். எனக்கு அது அடுத்த இடி. பிறந்ததிலிருந்து பல்லியை விஷம் என்று நம்பியவன் நான், யாரையும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வா என்று டாக்டர் சொன்னார் இல்லையா, போயிருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. செய்திதான் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

என் வாக்குமூலத்தையும் எழுதினார்கள். குமாஸ்தா எழுதி வாசித்துக் காட்டினார். 'நான் கேட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஏழாம் பக்கம்

அன்றைக்கே கடைக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு முழுப் பக்கம். அந்தப் பல்லி என் வாயிலிருந்து வந்தது என்று எழுதினேன். நான் அமைப்பாளரைக் கேட்கவில்லை, நான் டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை, நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன் என்று எழுதினேன். வரிக்கு வரி 'நான்'. கவரை ஒட்டி அதே நாலு மணி பஸ்ஸில் கொடுத்தேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து போன் வந்தது. எதிர்க் கடையில்தான் போன். உதவி ஆசிரியர் பேசினார். நல்ல மனுஷன், கோபப்படவில்லை.

"என்ன பாய், நான் நான்னு எழுதித் தள்ளியிருக்கீங்க? இது செய்தியா, சுயசரிதையா? நிருபர் செய்தியில வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

முழுசாக வந்தால்தான் அந்தப் பெண்ணுக்கு நியாயம் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

நாலு நாள் கழித்து ஏழாம் பக்கத்தில், லேகிய விளம்பரத்துக்குக் கீழே வந்தது. மூன்றே வரி. என் இரண்டு பக்கத்திலிருந்து ஒரு 'நான்' மிச்சமில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'விசாரணையில், சத்துணவில் பல்லி விழவில்லை என்று தெரியவந்ததாகக் கூறப்படுகிறது.'

கடையில் உட்கார்ந்து அதை நாலைந்து தரம் படித்தேன். எழுதியவர்மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. கதவில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது.

அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அஞ்சலாட்சி வாசலில் நின்றே படித்தாள். "இதையும் கூறப்படுகிறதுன்னே போட்டுட்டாங்களா?" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு தட்டு சோறு

அடுத்த மாசம் அவளை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்தேன். ஆனால் அவள் எனக்கு ஆள் அனுப்பியிருந்தாள். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி.

போனேன். சோறு தயாராக இருந்தது. ஆனால் பந்தியில் குழந்தைகள் பத்துப் பேர்கூட இல்லை, அவர்களும் காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருத் தாய்மார்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் குப்பு. அவள் மகள் ஒரு தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

அஞ்சலாட்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது, யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை, சாப்பிடப் பிள்ளைகள் இல்லை என்றால் சென்டரையே மூடிவிடுவார்கள் என்று. விசாரணை முடிந்துவிட்டது, டாக்டர் கடிதம் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் படிக்கவில்லை, உங்கள் பேப்பரைத்தான் படித்தார்கள் என்று.

"இனிமே நீங்க எழுத வேணாம் பாய். அவுங்க எல்லாரும் பாக்க ஒரு தட்டு சாப்டுங்க. அது போதும்."

இவ்வளவுதானா, இதைக்கூடவா செய்ய மாட்டேன் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டுப் பந்தியில் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மதில் ஓரம் பேச்சு நின்றது. அஞ்சலாட்சியே தட்டு வைத்தாள். சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். ஆவி பறந்தது, நல்ல பெருங்காய வாசனை. எனக்குப் பசியும் இருந்தது.

சோற்றில் கை வைத்தேன்.

பிசைந்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த சட்டியைத் தூக்கப் போன அஞ்சலாட்சி அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். என் விரல்கள் சோற்றை ஓரத்திலிருந்து விலக்கி, குழம்பில் கிடந்த கத்திரிக்காயைப் புரட்டிப் போட்டு, அடியில் தேடிக்கொண்டிருந்தன. கருவேப்பிலைக் காம்பு ஒன்றைத் தட்டின் ஓரத்துக்கு எடுத்து வைத்திருந்தேன். எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

விஷம் இல்லை என்று டாக்டர் எழுதியதைக் கேட்டவன் நான். பல்லி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பல்லியைப் பெற்றவனே நான்தான். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மதில் ஓரத்திலிருந்து குப்புவின் குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவளிடம்தான் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"பாய் கிளறிப் பாத்துட்டுத்தான் சாப்புடுறாரு."

கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு மகளின் தட்டை வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள்.

நான் தலையைத் தூக்கவில்லை. சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டேன். அஞ்சலாட்சி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தட்டுப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"சாப்டுங்க பாய். ஒண்ணும் இல்ல."